உம்மாவின் பச்சைச் சாறி

போன வருடம் வைகாசி மாதம் நடந்தது இது. எங்கள் வீடு ஆரையம்பதியில், வாவிக் கரைக்குப் போகும் ஒழுங்கையில் இருக்கிறது. அப்போது என் மகளுக்கு இரண்டரை வயது. கணவர் காலை ஏழரைக்கு வேலைக்குப் போனால் மாலையில்தான் வருவார். மகள் மத்தியானம் தூங்கும் இரண்டு மணித்தியாலம்தான் எனக்கென்று கிடைக்கும் நேரம். அந்த நேரத்தில் நான் பேர்ஸ் தைப்பேன்.

கடையில் வாங்கும் புதுத் துணியில் இல்லை. பழைய சாறி, கிழிந்த திரைச்சீலை, மேசை விரிப்பு, முழங்கால் நைந்துபோன கணவரின் களிசான் என்று வீட்டில் கழித்துப் போடும் எதிலும் தைப்பேன். களிசானின் பின்பக்கப் பையை அப்படியே வெட்டியெடுத்து உள்ளே வைத்துத் தைத்தால் சில்லறை போட ஒரு தனிப் பை கிடைத்துவிடும். பழைய சாறம், அதாவது லுங்கியின் கட்டங்கள், பேர்ஸின் வாயை மூடும் சிப்பை நேராகப் பிடிக்க உதவும். பழைய பெட்ஷீட் உள்துணிக்கு ஆகும். முதலில் எனக்காகத்தான் தைத்தேன். பிறகு தெரிந்தவர்கள் கேட்டார்கள். அதற்குப் பிறகு அவர்களே துணி மூட்டைகளைக் கொண்டுவந்து தரத் தொடங்கினார்கள். யார் துணி தந்தாலும், அந்தத் துணியில் தைத்த ஒரு பேர்ஸ் அவர்களுக்கே திரும்பிப் போகும். அது நானாக வைத்துக்கொண்ட ஒரு வழக்கம்.

நான் எதையும் இரண்டு தரம் பார்க்கிறவள். காஸ் சிலிண்டரைப் பூட்டினேனா என்று ஒழுங்கை முனையிலிருந்து திரும்பி ஓடி வந்து பார்த்திருக்கிறேன். மகளுக்கு உடம்பு சுட்டால் வெப்பமானியை இரண்டு கக்கத்திலும் வைத்துப் பார்ப்பேன். "நீ தண்ணி குடிச்சிட்டு, நான் குடிச்சனா எண்டு என்னட்டக் கேக்கிற ஆள்" என்று கணவர் பகிடி பண்ணுவார். அப்படிப்பட்ட நான், கேட்டிருக்க வேண்டிய ஒரே ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

காத்தான்குடியில் எனக்கு ஒரு ராத்தாவைத் தெரியும். அங்கே அக்காவை ராத்தா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டேன். வீட்டில் வைத்து அபாயா தைத்துக் கொடுப்பவர். சிப் வாங்கப் போன கடையில், இரண்டு பேரும் ஒரே நிறச் சிப்புக்கு ஒரே நேரத்தில் கை நீட்டினோம். கடையில் அந்த நிறம் கொஞ்சம்தான் இருந்தது. அவர் பாதியை எனக்கு வெட்டித் தந்தார். அன்றிலிருந்து பழக்கம். வெட்டி மிஞ்சும் கறுப்புத் துண்டுகளையெல்லாம் எனக்கென்று சேர்த்து வைப்பார்.

போன வருடம் சித்திரையில் கொஞ்சக் காலம் ராத்தா காத்தான்குடியில் இல்லை. ஏறாவூரில் உம்மா வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். நானும் மகளின் சளியோடு மாரடித்துக்கொண்டிருந்ததால் விசாரிக்கவில்லை. ஒரு நாள் காலையில் ராத்தாவின் கணவர் மோட்டார் சைக்கிளில் வந்து, எங்கள் கேற்றடியில் ஒரு பெரிய மூட்டையை வைத்தார். "உம்மாட சாறி புள்ள. நல்லதாப் பாத்துத் தைக்கட்டாம் எண்டு செல்லச் சொன்னா" என்று சொல்லிவிட்டு உடனே போய்விட்டார்.

மூட்டையில் ஏழு சாறிகள் இருந்தன. எல்லாம் மெல்லிய வொயில் சாறிகள். அதில் ஒன்று பச்சை. மழை விட்ட அடுத்த நாள் வாவி ஓரத்துக் கண்ணாப் பற்றைகள் இருக்குமே, அந்தப் பச்சை. அதில் அரிசி அளவு வெள்ளைப் பூக்கள். வயதான உம்மா இனி அபாயாவுக்கு மாறிவிட்டாராக்கும், அதனால் சாறிகளைக் கழிக்கிறாராக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அந்த நேரத்தில்தான் பெரியகல்லாற்றில் ஒரு வீட்டிலிருந்து பேர்ஸ் கேட்டிருந்தார்கள். என் கணவரோடு வேலை செய்யும் ஒருவரின் அக்கா வீடு அது. அவர்களுடைய மகள் பெரிய பிள்ளையாகியிருந்தாள். அம்மன் கோயில் சடங்கு முடிந்த பிறகு சாமத்திய வீடு வைக்கிறார்கள். வருகிற பெண்களுக்கு பிளாஸ்டிக் பெட்டி கொடுக்காமல், கையால் தைத்த சின்னப் பேர்ஸ் அறுபது கொடுக்க விரும்பினார்கள். எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை அதுதான்.

நான் கையிலிருந்த துணிகளையெல்லாம் விரித்து ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன். பள்ளிக்கூடத்துக்கும் போக விடாமல் வீட்டுக்குள் வைத்திருந்த அந்தப் பிள்ளைக்குப் பொழுது போகவில்லை போலும், அவளே தாயின் ஃபோனில் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தெரிவு செய்தாள். அவளுக்கு அந்தப் பச்சைதான் பிடித்தது. "எனக்கு அந்தப் பச்சையில நீட்டுப் பட்டி வெச்ச ஒண்டு" என்று குரலை வேறு பதிந்து அனுப்பியிருந்தாள்.

பச்சைச் சாறியைத் தோய்த்து, சுடு கச்சான் காற்றில் கொடியில் போட்டு, அயன் பண்ணி விரித்தேன். ஒரு பக்கம் ஒன்றரை முழம் மட்டும் மிக நைந்து, வெயிலில் பிடித்தால் மறுபுறம் தெரிந்தது. முக்காடு போடும் பக்கம். தலையில் உரசி உரசி அப்படி ஆகியிருந்தது. அது பேர்ஸுக்குத் தாங்காது என்று வெட்டி ஒதுக்கினேன். தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுத் துடைக்க ஒரு துண்டு தேவைப்பட்டது. அந்தத் துண்டையே எடுத்துத் துடைத்தேன்.

பச்சையில் இருபத்திநான்கு பேர்ஸ் தேறின. விருந்தாளிகளுக்கு இருபத்திரண்டு, பிள்ளைக்கு நீட்டுப் பட்டி வைத்த ஒன்று, ராத்தாவுக்கு ஒன்று. மற்றவர்கள் தந்த துணிகளில் வேறு நிறங்களில் முப்பத்தெட்டு; ராத்தா தந்த மற்ற ஆறு சாறிகளை இன்னும் தொடவில்லை. எல்லாம் முடிந்தபோது சாமத்தியச் சடங்குக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. எனக்கு என் மேலேயே ஒரு மதிப்பு வந்தது. ராத்தா திரும்பி வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, மகளையும் தூக்கிக்கொண்டு அவருக்கான பேர்ஸோடு போனேன்.

ராத்தா பேர்ஸைக் கையில் வாங்கினார். அதை மூக்கோடு வைத்துப் பிடித்தார். பிறகு அழுதுகொண்டே சிரித்தார்.

"உம்மா மணக்கா எண்டு பாத்தேன் புள்ள. சவுக்காரம்தான் மணக்கிது."

எனக்கு விளங்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார், "உங்களுக்குத் தெரியாதா? உம்மா மௌத்தாகி ரெண்டு மாசமாகப் போகுது. லுகர் தொழுதிட்டுப் படுத்தவ, எழும்பல்ல. நாங்க புள்ளைகள் ஒம்பது பேரும் வந்து சேந்திட்டம். வாப்பாதான் இன்னும் அந்தக் கட்டிலையே பாத்துக்கிட்டிரிக்கார்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் என் மனதில் அந்த உம்மா இல்லை. என் மனம் பெரியகல்லாற்றில் நின்றது. செத்துப்போன ஒருவருடைய சேலையில் சாமத்திய வீட்டுக்கு இருபத்திரண்டு பேர்ஸும், அந்தப் பிள்ளையின் தோளில் போட ஒன்றும் தைத்து அடுக்கி வைத்திருக்கிறேன். எங்கள் ஆட்களிடையே செத்த வீட்டுத் தீட்டு, துடக்கு என்போம், முப்பத்தொரு நாள். அதற்குப் பிறகு, செத்தவருடைய உடுப்பை யாராவது வீட்டில் கட்டுவார்கள், கொடுப்பார்கள். ஆனால் நல்ல காரியத்துக்கு, அதுவும் ஒரு பெண்பிள்ளையின் முதல் சடங்குக்கு, யாரும் கொண்டு போகமாட்டார்கள்.

ராத்தா சொல்லிக்கொண்டே போனார். "சும்மா பெட்டியில வெச்சி என்னத்துக்கு? ஏழு சாறியையும் உங்களுக்குத்தான் குடுக்கோணும் எண்டு நான்தான் செல்லிட்டேன். அது எத்தின பேருட கைக்குப் போகுதோ, அத்தின நன்மை உம்மாக்கு."

"என்ன புள்ள, முகம் ஒரு மாதிரி இரிக்கி?" என்று கேட்டார். "மகளுக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கு ராத்தா" என்று பொய் சொன்னேன். மகள் அந்த நேரம் அவருடைய அளவு நாடாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கணவரிடம் சொன்னேன். "ஆருக்குத் தெரியும்? நீயும் ராத்தாவும்தானே. ரெண்டு ஊரும் ரெண்டு மூலையில கிடக்கு. பேசாம இரி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா நீ பேசாம இருக்கமாட்டாய்" என்றும் அவரே சொன்னார்.

அவர் சொன்னது சரி. நான் படித்தவள், இதிலெல்லாம் அப்படி நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொள்ளுகிறவள். ஆனால் யோசித்துப் பார்த்தேன். நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு சாதாரணத் தடிமன் வந்தாலும் எனக்கு அந்தப் பச்சைப் பேர்ஸ்தான் ஞாபகம் வரும். என் மகளுக்கு யாராவது தெரிந்துகொண்டே இப்படிக் கொடுத்திருந்தால் நான் மன்னிப்பேனா? மன்னிக்கமாட்டேன். சரி, சொல்லிவிட்டு அவற்றைக் கழித்துப் போடலாம் என்றால், ஒவ்வொரு கைக்கும் ஒரு நன்மை என்று எண்ணிக்கொண்டிருக்கும் ராத்தாவின் முகம் வந்து நின்றது. ஒரு பக்கம் மறைத்தால் பெரியகல்லாற்றுக்குத் துரோகம். மறுபக்கம் தள்ளிவிட்டால் காத்தான்குடிக்குத் துரோகம்.

அடுத்த நாள் காலை மகளை இடுப்பிலும் அறுபத்தொரு பேர்ஸை இரண்டு பையிலுமாகத் தூக்கிக்கொண்டு கல்முனை பஸ்ஸில் ஏறினேன். களுவாஞ்சிக்குடி தாண்டும்வரை, இப்போதுகூட இறங்கித் திரும்பலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அந்த வீட்டில் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். முற்றத்தில் பந்தல் கம்புகள் நட்டிருந்தன. வேலியில் வலை காய்ந்தது. பிள்ளையின் தாய் கையெல்லாம் மாவோடு எழுந்து வந்தார். பெண்ணை உரிமையோடு கூப்பிடும்போது எங்கள் பக்கத்தில் பேச்சோடு ஒரு 'கா' சேர்ப்பார்கள்.

"வாகா! பேர்ஸ் முடிஞ்சிட்டா? ஐயோ புள்ளயையும் தூக்கிட்டு வந்திருக்காய். காட்டு பாப்பம்."

"அக்கா, ஒரு விசயம் சொல்லோணும். தனியா."

அவரைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. கையில் ஒட்டியிருந்த மாவை உருட்டி உருட்டிக் கீழே போட்டுக்கொண்டு நின்றார்.

"ஏன்கா வந்து சொன்னாய்?" என்றார் கடைசியில். "சொல்லாம விட்டிருந்தா நான் பாட்டுக்குச் சந்தோசமாக் குடுத்திருப்பன். இப்ப எனக்கும் தெரிஞ்சு போச்சு. மறுகா நான் எப்பிடிக் குடுக்க?"

இதை நான் யோசித்திருக்கவில்லை. என் நெஞ்சுப் பாரத்தை இறக்கி வைக்க வந்தவள், அதை அவர் தலையில் ஏற்றிவிட்டு நிற்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. கண் கலங்கிவிட்டது. மகள் என் கழுத்தை இறுக்கிப் பிடித்தாள்.

அடுப்படியிலிருந்து ஒரு குரல் வந்தது. "என்ன, ரெண்டு பேரும் கிணத்தடியில குசுகுசுக்கிறீங்க? முறுக்குக்கு உப்புக் கூடிட்டா?" பிள்ளையின் மாமி. தகப்பனின் மூத்த அக்கா. சடங்கு அவருடைய பொறுப்பில்தான் நடக்கிறது. அவர் கையில் எண்ணெய் சொட்டும் கண்ணகப்பையோடு வந்தார். தாய் மெல்ல விசயத்தைச் சொன்னார்.

மாமி கண்ணகப்பையைக் கிணற்றுக் கட்டில் வைத்தார். பிறகு என்னைப் பொலிஸ் மாதிரி விசாரித்தார்.

"என்ன வருத்தம் அந்த மனிசிக்கு?"

"வருத்தமெண்டு ஒண்டுமில்ல மாமி. மத்தியானம் தொழுதிட்டுப் படுத்தவவாம். எழும்பல்ல."

"எத்தின புள்ளையள்?"

"ஒம்பது."

"எல்லாம் உசிரோட இரிக்கிதா?"

"ஓம்."

"புருசன்?"

"இரிக்கார்."

மாமி தாயின் பக்கம் திரும்பினார். "பூவும் பொட்டுமாப் போயிரிக்கா மனிசி."

"மச்சாள், அவ முஸ்லிம் ஆள். அவகளுக்கு எங்க பூவும் பொட்டும்?"

"வழக்கம் இருந்தா வெச்சிருப்பா தானே!" என்றார் மாமி, கொஞ்சமும் அசராமல்.

எனக்கு ஒரு நிமிடம் நம்பிக்கை வந்துவிட்டது. ஆனால் அவர் தலையை ஆட்டினார். "நல்ல சாவுதான். இப்பிடி ஆருக்குக் கிடைக்கும்? ஆனா சபையில குடுக்கேலாது புள்ள. நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு தலையிடி வந்தாலும் சனம் இதத்தான் சொல்லும். சனத்த விடு, நானே சொல்லுவன்."

அவர் அப்படி வெளிப்படையாகச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஏனென்றால் என் பயமும் அதுதான். அவர் சொல்லிவிட்டார், நான் படித்தவள் என்பதால் சொல்லாமல் இருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்போது யன்னலுக்குள்ளிருந்து, "எனக்கு அந்தப் பச்சைதான் வேணும்" என்று ஒரு குரல். அந்தப் பிள்ளை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். முகம் யன்னல் கம்பிகளுக்கிடையில் பாதிதான் தெரிந்தது.

"நீ உள்ளுக்குப் போ" என்றார் தாய்.

"சடங்கில வேணாம் எண்டா விடுங்க. நான் பள்ளிக்கூடம் போகக்குள்ள கொண்டு போறன். என்ட வகுப்பில பொம்பிளப் பிள்ளையள் பத்தொம்பது பேர். மிச்சம் டீச்சர்மாருக்கு."

"ஆருட சேல எண்டு அவங்களுக்கும் சொல்லோணுமே" என்றார் தாய்.

"சொல்லித்தான் குடுப்பன். வேணாம் எண்டவங்க வேணாம்."

மாமி வாயில் கையை வைத்தார். "பாருங்க! போன மாசம் வரையும் மூக்கச் சிந்தத் தெரியாத பிள்ள. இப்ப நியாயம் பேசுது." பிறகு என்னிடம் கேட்டார், "அந்தச் சிப் இரும்பா, பிளாஸ்டிக்கா?"

"பிளாஸ்டிக் மாமி."

"அப்ப கறள் பிடிக்காது. சடங்கு முடிஞ்ச மறுநாள் எல்லாத்தையும் மஞ்சத் தண்ணியில முக்கிக் காயப் போடுறன். மறுகா அவள் கொண்டு போகட்டும்."

நீட்டுப் பட்டி வைத்த பேர்ஸை என்ன செய்வது என்று நான் கேட்கும் முன்பே, யன்னல் கம்பிகளுக்கிடையால் ஒரு சின்னக் கை நீண்டது. தாய் என்னைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். மாமி வேறு பக்கம் பார்த்தார். நான் அதை அந்தக் கையில் வைத்தேன். "சடங்கு முடியுமட்டும் வெளிய எடுக்கப்படாது, சொல்லிட்டன்" என்றார் மாமி, வேலியைப் பார்த்தபடியே.

இனி இருபத்திரண்டு பேர்ஸ் குறைகிறது. நாள் நான்கு. என் கையில் அவ்வளவுக்கு நல்ல துணியும் இல்லை. அதைச் சொன்னபோது மாமி உள்ளே போய், அரக்கு நிறத்தில் ஒரு சேலையைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். கரையில் கொஞ்சம் சரிகை இருந்தது. அதிகம் கட்டாத சேலை என்று மடிப்பைப் பார்த்தாலே தெரிந்தது.

"இந்தா. இது உசிரோட இரிக்கிற ஆளுட சேல. சந்தேகமெண்டாக் கிள்ளிப் பாரு" என்று தன் கையை நீட்டினார்.

ராத்தா வீட்டிலிருந்து வந்த பிறகு அப்போதுதான் நான் சிரித்தேன். தாயும் சிரித்தார். "வந்து சொன்னதும் நல்லதுதான்கா" என்று பஸ்ஸுக்கு வரும்போது முறுக்கு ஒரு பையில் போட்டுத் தந்தார். அது மன்னிப்பா, சமாதானமா என்று எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் மகள் ஒரு முறுக்கைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். உண்மையாகவே உப்புக் கூடித்தான் இருந்தது.

கணவர் இரண்டு நாள் லீவு போட்டு மகளைப் பார்த்துக்கொண்டார். சிப்பெல்லாம் அவர்தான் அளந்து வெட்டித் தந்தார், மூன்றைக் கட்டையாகவும் வெட்டினார். நான் ஒவ்வொரு துண்டையும் வெட்டும் முன் மாமியின் கையை நினைத்துக்கொண்டேன். சடங்கன்று போய்ப் பார்த்தேன். அந்தப் பிள்ளை சேலை கட்டி, பாரம் தாங்காத பூமாலையோடு இருந்தாள். மாமி பேர்ஸ் வாங்கிய ஒவ்வொருவரிடமும், "இந்த அரக்கு என்ட சேல" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். எல்லாம் நல்லபடி முடிந்தது.

ஆனால் எனக்கு முடியவில்லை. ராத்தாவிடம் பொய் சொல்லிவிட்டு வந்தது அப்படியே கிடந்தது. ஒரு கிழமை தள்ளிப் போட்டேன். இந்தமுறை சொன்னால் நிச்சயம் ஒருவர் மனம் நோகும். சொல்லாவிட்டால் யாருக்கும் நோகாது. ஆனாலும், பெரியகல்லாற்றுக்குச் சொன்னதைக் காத்தான்குடிக்குச் சொல்லாமல் விட்டால், நான் ஒரு பக்கத்துக்குத்தான் நேர்மையாக நடந்தவள் என்று ஆகிவிடும்.

ராத்தா அபாயாத் துணி வெட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்லக் கத்தரிக்கோல் மெதுவாகி நின்றது.

"உம்மாட சாறி நல்ல நாளுக்கு ஆகாதா?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "ஆகாது எண்டில்ல ராத்தா. எங்கட ஆக்கள்ர முறை அப்பிடி" என்று மட்டும் சொன்னேன். அது ஒரு பதிலே இல்லை என்று எனக்கே தெரிந்தது. என் மகள் கீழே கிடந்த குண்டூசி ஒன்றை எடுத்தாள். ராத்தா என்னைப் பார்க்காமலேயே கையை நீட்டி அதை அவளிடமிருந்து வாங்கி ஊசிப் பஞ்சில் குத்தினார்.

"நானும் செல்லி அனுப்பியிருக்கோணும்" என்றார் பிறகு. "எங்களுக்கு அது நன்மை எண்டு மட்டும்தான் நினைச்சேன். உங்களுக்கு அது துடக்கு எண்டது நெஞ்சில வரல்ல."

"நான்தான் கேட்டிருக்கோணும் ராத்தா."

"ஓம். கேட்டிருக்கோணும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அண்டைக்கி மகளுக்குக் காய்ச்சல் எண்டீங்களே, அது பொய்யா?" என்றார்.

"ஓம்."

"நான் புள்ளைக்காகத் துஆக் கேட்டேனே. மூணு நாள்."

நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. அவர் உம்மாவை இழந்து தவித்துக்கொண்டிருந்த நாட்களில், நான் சொன்ன பொய்க் காய்ச்சலுக்காகப் பிரார்த்தித்திருக்கிறார். நான் தலை நிமிரவில்லை. அவர் மகளின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"வீணாப் போகா. இனி வாற காய்ச்சலுக்கு வெச்சிக்குவம்" என்றார்.

அதற்கு மேல் அவர் அதைப்பற்றிப் பேசவில்லை. அவருடைய மனதில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று சொல்லமாட்டேன். அன்று தேத்தண்ணீர் தரும்போது அவர் வழக்கமாகக் கதைக்கும் அளவுக்குக் கதைக்கவில்லை.

இரண்டு கிழமைக்குப் பிறகு பெரியகல்லாற்றிலிருந்து ஒரு ஃபோட்டோ வந்தது. வகுப்பறை வாசலில் வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள், ஒவ்வொருவர் கையிலும் பச்சைப் பேர்ஸ். மூன்று பேர் வேண்டாம் என்றுவிட்டார்களாம். அந்த மூன்றையும் ஒரு டீச்சரே கேட்டு வாங்கிக்கொண்டாராம். நடுவில் அந்தப் பிள்ளை, நீட்டுப் பட்டியைக் குறுக்காகப் போட்டுக்கொண்டு நின்றாள். மாமியின் மஞ்சள் தண்ணீரில் வெள்ளைப் பூக்களெல்லாம் லேசாக மஞ்சளாகியிருந்தன.

ஃபோனை எடுத்துக்கொண்டு நேரே ராத்தாவிடம் போனேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு போனார். அவருடைய உதடுகள் அசைந்தன. எண்ணினாரா, ஓதினாரா தெரியாது. அதை மட்டும் நான் கேட்கவில்லை.

இப்போது யார் துணி மூட்டை தந்தாலும், "இது ஆருட துணி?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் வாசலில் நின்றபடியே அரை மணித்தியாலம் கதைப்பார்கள். மகள் தூங்கும் நேரத்தில் பாதி அதிலேயே போய்விடும். சொன்னதை ஒரு சின்னத் தாளில் எழுதி மூட்டையில் குத்தி வைக்கிறேன். தைப்பது குறைந்துவிட்டது, பரவாயில்லை.

மெஷின் எண்ணெய் துடைத்த அந்த முக்காட்டுத் துண்டை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று தரம் தோய்த்தும் கறை போகவில்லை. மடித்து மெஷின் லாச்சியில் வைத்திருக்கிறேன். ஒரு நாள் ராத்தாவிடம் அதையும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். காஸைப் பூட்டினேனா, கதவைப் பூட்டினேனா என்று இவ்வளவு காலம் நான் இரண்டு தரம் பார்த்ததெல்லாம் என் வீட்டுக்காக. நூல் எடுக்க லாச்சியைத் திறக்கும்போதெல்லாம், அடுத்த வீட்டுக்காகவும் ஒரு தரம் திரும்பிப் பார் என்று அந்தப் பச்சைத் துண்டு எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.